மாவட்ட மனநல நெருக்கடிப் பணி: சேர நினைக்கும் இளம் மனநல மருத்துவருக்கு

எம்.டி. மனநல மருத்துவம் கடைசி ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: சொந்தக் கிளினிக் போடுவதில் விருப்பமில்லை, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மாவட்டத்தில் நெருக்கடி சேவையையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா, அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும், எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

முடியும், ஆள் தேவையும் மிக அதிகம். ஆனால் சேரும்போது பலர் மனதில் இருப்பது, கத்திக்கொண்டிருப்பவரை நான்கு பேர் பிடிக்க, ஊசி போட்டு அடக்கும் காட்சி. அது வேலையில் சிறு பங்கு. ஊசிக்கு முந்தைய அரை மணி நேரமும் அதற்குப் பிந்தைய மாதங்களும்தான் உங்கள் வேலை. அந்தப் பின்தொடர்தலில் ஆர்வம் இல்லாதவருக்கு இந்தப் பணி இரண்டு வருடத்தில் அலுத்துவிடும். ஆர்வம் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள இடம் மனநல மருத்துவத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

களத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதை மாவட்ட அளவுக்குக் கொண்டுபோகும் மாவட்ட மனநலத் திட்டம், எல்லோரும் டி.எம்.எச்.பி. என்று சொல்வது, 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று திருச்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். மாவட்டத்திலேயே சிகிச்சை இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. 2018 மே 29 முதல் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நடைமுறையில் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அதே 2022-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு மாவட்டத்தில் இருபது லட்சம் பேர் என்றால், நீங்கள் ஒருவரே எல்லோரையும் பார்ப்பது நடக்காது. மற்றவர்களைப் பார்க்க வைப்பதுதான் உங்கள் திறமை.

நெருக்கடி எந்தெந்த வாசல் வழியாக வரும்? ஜி.எச். கேஷுவாலிட்டி முதல் வாசல். விஷம் குடித்தவர்கள், குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கிப் பேதலித்துப் பேசுபவர்கள், பிரசவமாகி இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல் குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசும் தாய் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். இரண்டாவது வாசல் போலீஸ்: பஸ் ஸ்டாண்டில் அலைந்தவரை ஜீப்பில் கொண்டுவந்து விடுவார்கள். மூன்றாவது 14416 அல்லது 104 சுகாதார உதவி எண்ணிலிருந்து வரும் தகவல். நான்காவது, கிராம சுகாதாரச் செவிலியரின் போன்: ‘சார், ஒரு வீட்ல பையன ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க.’ இந்த நான்காவதுதான் உண்மையான சமூகப் பணி. அந்தச் செவிலியர் உங்கள் எண்ணுக்குப் போன் செய்யும் அளவுக்குப் பழக ஆறு மாதமாவது ஆகும்.

வீட்டுக்குப் போகும் முன் போனிலேயே பாதி வேலையை முடிக்க வேண்டும். கடைசியாக எப்போது தூங்கினார், எப்போது சாப்பிட்டார், காய்ச்சல் உண்டா, வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, குடிப்பழக்கம் உண்டென்றால் கடைசியாகக் குடித்தது எப்போது, ஏற்கனவே என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினார், கையில் அரிவாள், கத்தி போல ஏதாவது இருக்கிறதா, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா. யாரைப் பார்த்தால் அவர் கொஞ்சம் அடங்குகிறார் என்பதும் முக்கியம். பல வீடுகளில் அது அப்பாவாக இருக்காது, ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ இருப்பார். அந்த ஆளை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். கையில் ஆயுதம் என்றால் போலீஸ் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், ஆனால் போலீஸைத் தெருமுனையில் நிற்க வையுங்கள். காக்கியைப் பார்த்ததும் பயம் இரட்டிப்பாகும்.

வண்டியைத் திரும்பிப் போகும் பக்கமாக நிறுத்துங்கள். உள்ளே ஒருவர்தான் பேச வேண்டும். கதவுக்கும் அவருக்கும் நடுவில் நிற்காதீர்கள். அவருக்கும் வெளியேற வழி தெரிய வேண்டும், உங்களுக்கும் வேண்டும். கையெட்டும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டு, அவர் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் ‘நீங்க’ என்றே பேசுங்கள். பெயர், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், ஏன் வந்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். ‘கோயிலுக்குப் போலாம்’, ‘சும்மா பிரஷர் பாக்கத்தான்’ என்று ஏமாற்றி வண்டியில் ஏற்றச் சொல்லி வீட்டார் கெஞ்சுவார்கள். ஒரு முறை அப்படிக் கொண்டுவந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அவர் எந்த டாக்டரையும் நம்ப மாட்டார். வீட்டாருக்குத் தெரியாத அந்த இழப்பை எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்.

அவர் சொல்வது பிரமை என்று வாதிடாதீர்கள், ஆமாம் என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். ‘அப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா யாருக்கும் தூக்கம் வராது, எத்தனை நாளா தூங்கல?’ என்று தூக்கத்துக்குப் பேச்சைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும். தூங்க மாத்திரை வேண்டுமா என்று கேட்டால் சம்மதிப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அதனால் எப்போதும் மாத்திரைதான் முதலில்: நாவில் கரையும் ஓலன்சபைன் 10 மி.கி. அல்லது லோரசெபாம் 2 மி.கி. எது வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஊசி தவிர்க்க முடியாதபோது எதைப் போடுவது என்பதற்கு நம்மூரிலிருந்தே நல்ல ஆதாரம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் நடந்த இரண்டு ஆய்வுகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகின்றன. 2004-ல் வெளியான முதல் ஆய்வில் 200 பேருக்கு லோரசெபாம் ஊசியையும் ஹாலோபெரிடால்–புரோமெதசின் கலவையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பலனளித்தன, கலவை விரைவாக அமைதிப்படுத்தியது. 2007-ல் 300 பேரிடம் அதே கலவையை ஓலன்சபைன் ஊசியோடு ஒப்பிட்டபோது 15 நிமிடத்தில் இரண்டும் சமம்தான், ஆனால் அடுத்த நான்கு மணி நேரத்தில் மீண்டும் மருந்து தேவைப்பட்டவர்கள் ஓலன்சபைன் பக்கம் அதிகம். எனவே ஹாலோபெரிடால் 5 முதல் 10 மி.கி., அதோடு புரோமெதசின் 25 முதல் 50 மி.கி., தசையில். ஹாலோபெரிடாலைத் தனியாகப் போடாதீர்கள்: பிரேசிலில் ரியோவில் நடந்த ஆய்வில் தனியாகப் போட்டவர்களுக்குக் கழுத்து, கண் இழுத்துக்கொள்ளும் டிஸ்டோனியா அதிகம் வந்து, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முதல் ஊசியிலேயே கழுத்து இழுத்துக்கொண்ட இளைஞன் மருந்தை வாழ்நாள் முழுக்க வெறுப்பான்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. ஓலன்சபைன் ஊசியையும் பென்சோடயசெபின் (லோரசெபாம், டயசெபாம் வகை) ஊசியையும் ஒரே நேரத்தில் போட்டால் மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கும். டயசெபாமைத் தசையில் போட்டால் எவ்வளவு உள்ளே போகும் என்று சொல்ல முடியாது. லோரசெபாம் ஊசி மருந்து குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை டிராயரில் மாதக்கணக்கில் கிடந்ததை எடுத்துப் போட்டுவிட்டு ‘கேக்கவே மாட்டேங்குது’ என்று மறுபடி போடுவது அடிக்கடி நடக்கிறது. குடித்திருப்பவருக்குப் பென்சோடயசெபின் ஆபத்து, குடியை நிறுத்தி நடுங்குபவருக்கு அதுவே சிகிச்சை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். குடிநோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும். வயதானவருக்குப் பாதி அளவு அல்லது அதற்கும் கீழே. பார்க்கின்சன் நோய் இருந்தால் ஹாலோபெரிடால் கூடவே கூடாது.

ஊசி போட்ட பிறகு எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்தானது. குப்புறப் படுக்க விடாதீர்கள், முதுகில் முழங்காலை வைத்து அழுத்த யாரையும் அனுமதிக்காதீர்கள். முதல் மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று சிஸ்டர் எழுத வேண்டும். அதனால் உங்கள் பையில் மருந்துக்குச் சமமாகக் கருவிகளும் இருக்க வேண்டும்: குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, தெர்மாமீட்டர், டார்ச், மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக். மாதம் ஒரு நாள் எல்லா மருந்தின் காலாவதித் தேதியையும் சரிபார்க்கும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்கட்டும்.

குளுக்கோமீட்டரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘மனநோய்’ என்று உங்களிடம் அனுப்பப்படுபவர்களில் சிலர் மனநோயாளிகளே அல்ல. எழுபது வயதுப் பாட்டி நேற்றிலிருந்து ஆள் தெரியாமல் பேசுகிறார் என்றால் சோடியம் குறைவோ, சிறுநீர்த் தொற்றோ, கீழே விழுந்து தலைக்குள் ரத்தக்கசிவோ இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று தொடங்கியது, காலையில் தெளிவு மாலையில் குழப்பம், இல்லாத பூச்சியையோ ஆளையோ கண்ணால் பார்ப்பது, நேரமும் இடமும் தெரியாதது — இவை இருந்தால் டெலிரியம், அதாவது உடல்நோயால் வரும் திடீர் மனக்குழப்பம், என்று எண்ணித் தொடங்குங்கள். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி என்று ஆரம்பித்துப் பாதியில் தொலைந்துபோனால் மருத்துவ வார்டுதான் அவருக்கு இடம். லித்தியம் சாப்பிடுபவர் வாந்திபேதிக்குப் பிறகு தள்ளாடினால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். மனநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் அந்த மருந்தை உடனே நிறுத்தி ஐ.சி.யூ.வுக்கு அனுப்புங்கள். பேசாமல், சாப்பிடாமல், வைத்த நிலையில் அப்படியே இருப்பவருக்கு லோரசெபாம் 1 முதல் 2 மி.கி. கொடுத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தண்ணீர் கேட்பதைக் காணலாம். கேட்டடோனியாவில் இது நோயைக் கண்டறியும் சோதனை, சிகிச்சையின் தொடக்கமும்கூட. எம்.டி. படிக்கும்போதே மூன்று மாதம் கேஷுவாலிட்டியிலும் மருத்துவ வார்டிலும் மனமொன்றி வேலை பாருங்கள். பிற்பாடு உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்தது சட்டம், அதாவது மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. இதில் பயந்து ஒதுங்குபவர்களும் உண்டு, படிக்காமலே செய்பவர்களும் உண்டு. நான்கு பிரிவுகள் விரல்நுனியில் இருந்தால் போதும்.

பிரிவு 94 அவசர சிகிச்சை. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு, நோயின் நேரடி விளைவாகச் சொத்துக்குப் பெருஞ்சேதம், இவற்றைத் தடுக்க உடனடியாகத் தேவைப்பட்டால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம். மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, மருத்துவமனைக்குள்தான் என்பதும் இல்லை. வீட்டிலேயே தரலாம், அருகிலுள்ள மனநல மையத்துக்கு அழைத்துப் போவதும் இதில் அடங்கும். நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளியின் சார்பில் முடிவெடுக்க உதவுபவர், அருகில் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். எல்லை 72 மணி நேரம், அல்லது மனநல மையத்தில் பரிசோதனை முடியும் வரை, எது முந்தியோ அது. இந்தப் பிரிவின் கீழ் மின்னதிர்வு சிகிச்சை தரக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ‘சைக்கியாட்ரிஸ்ட் இல்லாம தொடக் கூடாது’ என்று நினைத்து இரவு இரண்டு மணிக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிடும் பழக்கம் இந்த ஒரு பிரிவு தெரியாததால் வருவது.

பிரிவு 89, ஆதரவுடன் கூடிய சேர்க்கை. நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய ஏழு நாளுக்குள் இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர், இன்னொருவர் மனநல வல்லுநரோ வேறொரு மருத்துவரோ. அதிகபட்சம் 30 நாள். பெண்ணோ சிறாரோ என்றால் மூன்று நாளுக்குள், மற்றவர்கள் என்றால் ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே நடக்கும் பிழை, இரண்டாவது மருத்துவர் நோயாளியைப் பார்க்காமலே முதல் குறிப்பைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது. இரண்டு குறிப்பும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் வாரியம் கேள்வி கேட்கும், கேட்கத்தான் வேண்டும். ‘வயலன்ட்’ என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. யாரை, எப்போது, எதனால் அடித்தார், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதுங்கள். முடிவெடுக்கும் திறனைப் பற்றி எழுதும்போது, சொன்னது புரிந்ததா, மறுத்தால் என்ன ஆகும் என்று உணர்கிறாரா, தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்ற மூன்றுக்கும் அவர் சொன்ன பதிலை அவர் வாய்மொழியிலேயே பதிவு செய்யுங்கள்.

பிரிவு 100 போலீஸுக்கானது. அலைந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. கேஷுவாலிட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முதல் மாதத்திலேயே எஸ்.பி. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் கேட்டு ஆய்வாளர்களிடம் இதைப் பேசுங்கள். வீடற்றவர்களுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் உங்கள் மாவட்டத்திலோ பக்கத்திலோ எங்கே இருக்கிறது, கட்டில் காலியா என்று தெரிந்து வைத்திருங்கள்.

நான்காவது பிரிவு 115. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும், அவர்மீது அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவே 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கில் முயல்வது மட்டும் அதன் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது. ஆனாலும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்டதும் குடும்பம் நடுங்கும். ‘தெரியாம குடிச்சிட்டா டாக்டர், இருமல் மருந்துன்னு நெனச்சு’ என்பார்கள். அந்தப் பொய்யை உடைக்க முயலாமல் முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள்: கேஸ் வராது, பயப்பட வேண்டாம். பிறகு உண்மை தானாக வரும்.

விஷம் குடித்தவர்களைப் பார்ப்பது இந்த வேலையின் கனமான பகுதி. முதல் விதி, உடல் பிழைத்துவிட்டது என்று மருத்துவ வார்டு சொல்லும் முன் உங்கள் வார்டுக்கு மாற்றச் சம்மதிக்காதீர்கள். எலி மருந்து பேஸ்ட் சாப்பிட்டவர்கள் முதல் நாள் நன்றாகப் பேசுவார்கள், எழுந்து நடப்பார்கள். கல்லீரல் பாதிப்பு சில நாள் கழித்துத்தான் தெரியும். ‘நல்லாத்தான இருக்கா’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போகும் குடும்பத்தைத் தடுத்து நிறுத்தும் கடைசி ஆள் நீங்களாக இருக்கலாம்.

பேசும்போது திரையாவது போட்டு, தனியாகப் பேசுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்க ஒரு பெண்ணிடம் ‘வீட்டுல ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகணும்னு நெனச்சீங்களா? இப்பவும் அந்த நெனப்பு இருக்கா? வேற ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வெளிநோயாளிப் பிரிவில் அதே எண்ணம் வேறு சொல்லில் வரும்: ‘இருந்து என்ன பண்ணப்போறேன்’, ‘எங்கயாவது போயிடலாம் போல இருக்கு’, ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’. இதைக் கேட்டவுடன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலே கேளுங்கள். மறுநாள் காலை ‘இனிமே செய்ய மாட்டேன் டாக்டர், கோவத்துல பண்ணிட்டேன்’ என்பதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அந்தச் சண்டை நடந்த வீட்டுக்கேதான் அவர் திரும்பப் போகிறார்.

அனுப்பும் முன் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். அரை மணி நேர வேலை, தமிழில், அவர் சொற்களில், ஒரே தாளில். எண்ணம் தலைதூக்கும் முன் என்ன அறிகுறி (‘ரூம்ல போய்ப் படுத்துக்குவேன், போன எடுக்க மாட்டேன்’), தானாகச் செய்யக்கூடியது என்ன, யாரோடு போய் இருந்தால் மனம் மாறும், யாரிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியும், எந்த எண்ணுக்குப் போன் செய்வது, வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். ‘கடவுளை வேண்டுவேன்’ என்று நீங்களே எழுதி வைத்தால் பயனில்லை, அவர் சொன்னால் எழுதுங்கள். தாளை அவர் போனிலேயே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஏழு நாளுக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள். வைத்துக்கொள்வது வீட்டில் யார் என்று பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.

கடைசி வரியான அப்புறப்படுத்துவதைச் சடங்காக விட்டுவிடுவது பெரும் தவறு. நம் கிராமங்களில் பல முயற்சிகள் நீண்ட திட்டமில்லாமல், ஒரு சண்டையின் சில நிமிடங்களில் நடப்பவை. அந்த நிமிடங்களில் கைக்கு எதுவும் எட்டாவிட்டால் உயிர் தப்பும். இலங்கையில் 1995-ல் லட்சத்துக்கு 47 வரை போன தற்கொலை விகிதம், கொடிய பூச்சிக்கொல்லிகளை அடுத்தடுத்துத் தடை செய்ததும் பத்தாண்டில் பாதியானது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் வீடுகளில் இருந்த பூச்சிமருந்தைப் பொதுவான ஓர் இடத்தில் பெட்டிகளில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். எனவே குடும்பத்திடம் ‘பத்திரமா வையுங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல், இப்போது அது எங்கே இருக்கிறது, மாட்டுக்கொட்டகையா, பரணா, நாளை யார் எடுத்துப்போய் எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்துச் சமூகப் பணியாளர் நேரில் போய்ப் பார்க்கட்டும்.

அந்த ஒரு வாரத்துப் பயணம் தொடர் வேலையின் தொடக்கம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. தற்கொலைக்கு முயன்றவரிடம் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ தொடர்பு கொண்டார்கள்: 1, 2, 4, 7, 11-ம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ம் மாதங்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். தொடர்பில் இருந்தவர்களில் 0.2 சதவீதம். புது மருந்து இல்லை, கருவி இல்லை. ஒரு செவிலியர், ஒரு போன், ஒரு நோட்டு. இதைச் செய்ய முடியாத அளவுக்கு ஏழையான மாவட்டம் தமிழ்நாட்டில் கிடையாது.

அப்படியானால் ஏன் பல இடங்களில் நடப்பதில்லை? யார் பெயரிலும் அந்த வேலை எழுதப்படவில்லை என்பதே காரணம். ‘ரிவ்யூ 1 வாரம்’ என்று சீட்டில் எழுதியதோடு பொறுப்பு நோயாளியின் தலைக்கு மாறிவிடுகிறது. அவர் வரவில்லை என்றால் ‘நான்-கம்ப்ளையன்ட்’. பஸ்ஸுக்குக் காசில்லை, கூலி போய்விடும், ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற காரணங்களை யாரும் கேட்பதில்லை. நோட்டில் பெயர், இரண்டு போன் எண், கிராமச் செவிலியர் பெயர், ஒன்பது தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்த வாரத்துப் பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்கும் இதே முறைதான். மருந்து இருப்பு தீர்ந்து தாலுகா ஆஸ்பத்திரியில் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள்தான் இரண்டு மாதம் கழித்துப் போலீஸ் ஜீப்பில் வருவார்கள். எனவே ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன், வால்ப்ரோயேட், லித்தியம் இருப்பைக் கண்காணிப்பதும் நெருக்கடிப் பணியே. மருந்தாளுநரோடு நட்பாக இருங்கள்.

கோயில், தர்கா பற்றி ஒரு வார்த்தை. குணசீலம் கோயில் போல மனநோய் தீர ஒரு மண்டலம் தங்கும் இடங்களுக்கும் ஏர்வாடிக்கும் மக்கள் போவதைத் தடுக்க நினைக்காதீர்கள், தடுக்கவும் முடியாது. அங்கேயே மருத்துவரும் மருந்தும் போய்ச் சேரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது, அதுதான் சரியான வழி. சங்கிலி மட்டும் சட்டப்படி முழுத் தடை. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வேலைக்குச் சேரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசுப் பணி, மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பதவியோடு மாவட்டப் பணி, தேசிய சுகாதாரக் குழுமத்தின் ஒப்பந்தப் பதவி, ஸ்கார்ஃப், பான்யன் போன்ற தொண்டு நிறுவனங்கள். ஒப்பந்தப் பதவியில் சம்பளம் தொகுப்பூதியம்தான், பணி நிரந்தரம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கள அனுபவம் அதில்தான் அதிகம். முதல் இரண்டு வருடம் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்துவிட்டு மாவட்டத்துக்குப் போவது நல்லது என்பேன். நேராகத் தனி ஆளாகப் போனால் சந்தேகம் கேட்க ஆள் இருக்காது.

தாக்குப்பிடிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்றால் அது சரியான கவலை. உங்கள் நோயாளிகளில் சிலர் இறப்பார்கள். முன்கூட்டியே இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, மரணம் நடந்த ஒரு வாரத்துக்குள் குழுவாக உட்கார்ந்து, யார் தவறு என்று தேடாமல் எந்த இடத்தில் தொடர்பு விட்டது என்று பார்ப்பது. குடும்பத்தை நேரில் போய்ப் பார்ப்பது அதன் பகுதி. மற்றொன்று, வேறு மாவட்டத்து மூத்தவர் ஒருவரோடு மாதம் இருமுறை ஒரு மணி நேரம் கேஸ் பேசுவது. இரவு அழைப்புக்கும் வரம்பு வையுங்கள்: உங்கள் சொந்த எண்ணை எல்லோருக்கும் கொடுக்காமல், சேவைக்கென்று ஒரு போன், அதை முறைவைத்து எடுக்க மூன்று பேர், அவர்கள் யாரும் எடுக்க முடியாதபோது 14416. எல்லா அழைப்பையும் தானே எடுப்பவர் முதல் ஆண்டில் எல்லோராலும் பாராட்டப்படுவார், மூன்றாம் ஆண்டில் வேலையை விட்டுப் போவார். அதற்குப் பிறகு அந்தத் தாலுகா மக்களுக்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு பதவிக்குக் கையெழுத்துப் போடும் முன் அங்கே நேரில் போய் ஐந்து விஷயம் கேளுங்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது, தடுப்பூசி முகாம் நாட்களில் அதை எடுத்துக்கொள்வார்களா? கடந்த மூன்று மாதத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது? சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் பதவிகள் காகிதத்தில் இருக்கின்றனவா, ஆள் இருக்கிறாரா? ஜி.எச்.சில் மனநலத்துக்கென்று எத்தனை கட்டில், இரவில் யார் பொறுப்பு? தற்கொலை முயற்சிக்குப் பிறகு வீட்டுக்குப் போனவர்களின் பட்டியல் எங்கே? வண்டி இல்லாவிட்டால் 108-ஐ வைத்துச் சமாளிக்கலாம், கட்டில் குறைவென்றால் மருத்துவ வார்டில் கேட்டு வாங்கலாம். பட்டியலும் இல்லை, அதைத் தொடர ஒரு ஆளும் இல்லை என்றால், சேரும் முன்பே மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் ஒரு சமூகப் பணியாளரை எழுத்து மூலம் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.